ரிப்பீட் ஆர்டர்

வலது கை மடங்க மறுத்தது. நிர்மலா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் கணவன் மகுடேஸ்வரன் வெள்ளைச் சட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். விடிகாலையில் தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்து குளிப்பாட்டி முடிப்பதற்குள் உடம்பு விறைத்துவிட்டது.

"முதுகுல வெட்டிக்கலாமுங்க மாப்ள. படுக்க வெச்சா ஆருக்குத் தெரியப் போவுது," என்றாள் பெரியம்மா வேலாத்தாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த அவர்களுடைய பனியன் கம்பெனியிலிருந்து கட்டிங் மாஸ்டர் கத்தரி கொண்டுவந்தார். பதினைந்து வருடமாகத் துணி வெட்டும் சத்தத்திலேயே எழுந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்குகிறவள் நிர்மலா. இன்று அது பல்லைக் கூசவைத்தது.

ஆறுச்சாமிக்கு அறுபத்து நான்கு வயது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நிர்மலா பிறந்தபோது அவர் அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். மனைவி இறந்த பிறகு பொங்கலூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். தினமும் எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டைத் திறந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும், ஹிந்திக்காரப் பையன்களுக்கும் சேர்த்து, வணக்கம் சொல்வார். ஞாயிறும் திங்களும் அவர் கேட்டுப் பக்கம் போகவில்லை. முடியலையா என்று கேட்க வேண்டுமென்று நிர்மலா நினைத்தாள். நினைத்ததோடு சரி. நேற்று ராத்திரி, "சோறு போதும் அம்முணி," என்று தட்டிலேயே கை கழுவினார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில், சங்கத்திலிருந்து மலர்வளையம் கொண்டுவந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த சுபேதார் மாதவனின் குரல் உள்ளே வரை கேட்டது.

"பேப்பர்ல பாத்தீங்களா? அந்த வெளிநாட்டுச் சண்ட தொடங்குன நாள்ல இருந்து குண்டு செய்யற கம்பெனி ஷேரெல்லாம் எங்கியோ போயிருச்சாமுங்க. சாவறது ஒருத்தன், கொழுக்கறது ஒருத்தன். நாம யாழ்ப்பாணம் போனதும் அப்படித்தான். நம்மகூட வந்த நல்லான் அங்க செத்ததும் அப்படித்தான்."

"நல்லான் பேச்ச எடுக்காதீக சார்."

அது வீரணனின் குரல். பட்டாளத்தில் ஆறுச்சாமியோடு ஒரே பாரக்கில் படுத்தவர். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். பட்டாளம் விட்டதும் பிழைக்க வந்து, பல்லடத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

"கம்பெனிக்காரன் சம்பாதிப்பான். யாரு இல்லேன்னா? எழவு விழுந்தா பந்தக்காரனுக்கு வருமானம். அதுக்காக அவனா கொன்னான்? நல்லான் என்னையும் ஆறுச்சாமி அண்ணனையும் தள்ளிவிட்டுட்டுக் குண்ட வாங்குனான். அதுல எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்? சொல்லுங்க பாப்பம்."

நிர்மலா தலையை நிமிர்த்தினாள். ஒவ்வொரு சொல்லும் அப்பா பேசியது. பந்தல்காரன் உட்பட.

பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொங்கலூர் பேக்கரியில் இருவரும் டீயை ஆறவைத்துக்கொண்டு இதைத்தான் பேசினார்கள். எல்லாச் சண்டையும் முதலாளிமார் லாபத்துக்கு என்பது வீரணன் கட்சி. இல்லவே இல்லை என்பது ஆறுச்சாமி கட்சி. பேக்கரிக்காரர் வேறு மேசை காட்டுகிற அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டு, ஒரே வண்டியில் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அந்த வீரணன் இன்று அப்பாவின் பக்கம் நின்று வாதாடுகிறார்.

வீரணன் எழுந்து பந்தலை விட்டுப் போவது ஜன்னல் வழியே தெரிந்தது. நிர்மலா ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்பக்கம் போனாள்.

வீரணன் மோட்டார் ரூம் சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தார். பக்கத்துக் கம்பெனிக் கட்டடத்தில் அட்டைப்பெட்டிகளை டேப் ஒட்டி மூடும் சத்தம் கேட்டது. பேக்கிங் மட்டும் ஓடட்டுமா என்று காலையில் மகுடேஸ்வரன் கேட்டபோது அவள்தான் தலையை ஆட்டியிருந்தாள்.

"தண்ணி குடியுங்க சித்தப்பா."

வாங்கினார். குடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்தாக தாயி. டீ சொன்னேன், வேணாம்னுட்டாக. 'வீரணா, நீ சொன்னதுதானப்பா நெசம். எல்லாம் லாவத்துக்குத்தான்'னாக. இத்தன வருசத்துல ஒரு நா விட்டுக்குடுத்ததில்ல. ஏண்ணே திடீர்னு அப்படின்னேன். 'சும்மாதான்'னாக. எனக்குச் சந்தோசம் தாங்கல. செயிச்சுப்புட்டேன்னு கையத் தட்டிச் சிரிச்சேன். ஊரே பாக்கச் சிரிச்சேன் தாயி."

சொம்பைத் தரையில் வைத்தார்.

"பெறகு கேட்டாக, 'அப்ப நல்லான் எதுக்கப்பா செத்தான்'னு. பஸ்ஸு வந்துருச்சுன்னு ஏறிட்டேன். அந்த மனுசன் அத ஒண்ண நம்பித்தேன் இத்தன நாளு தூங்குனாக. நாம் பேசிப் பேசியே அதப் புடுங்கிப்புட்டேன். நாந்தேன் கொன்னுட்டேன் தாயி."

நிர்மலா வீட்டுப் பக்கம் பார்த்தாள். பேசாமல் உள்ளே போய்விடலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இந்த மனிதர் பல்லடத்துக்குப் போய்விடுவார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி மூடப்பட்டது.

"நீங்க இல்லீங்க சித்தப்பா," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு மாசமா பாதி மிசினு மூடிக் கெடந்துச்சுங்க. பொறகுதான் இந்த ஆர்டர் வந்துச்சு. பச்சைப் பனியன். சண்ட நடக்குற நாட்டுப் பட்டாளத்துக்குங்க. அப்பனுக்கும் தெரியும். துணியத் தொட்டுப் பாத்துட்டு, பட்டாளத்துக்காரனும் பனியன் போடோணுமல்லன்னு சொன்னாரு. அதுல அவருக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க."

"பெறகு?"

"சனிக்கெழம ஏஜென்ட் போன் பண்ணுனாரு. சண்ட இன்னும் ஒரு வருசத்துக்கு நிக்காதுங்க மேடம், ரிப்பீட் ஆர்டர் கன்ஃபர்ம்னு. நான்..."

அந்தச் சொற்களை இதுவரை மகுடேஸ்வரனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"நிக்கவே கூடாதுன்னு மாரியாத்தாளுக்குக் கெடா வெட்றேன்னு வேண்டிக்கிட்டேனுங்க. சிரிச்சுட்டேதான் சொன்னேன். போன வெச்சுட்டுத் திரும்புனா, அப்பன் கதவு நெலவுகிட்ட நின்னுட்டிருக்காரு. எனக்கு முறுக்கு வாங்கியாந்திருந்தாரு. மேச மேல வெச்சுட்டுப் போயிட்டாரு. ஒண்ணுமே கேக்கலீங்க. நானும் போயி ஒண்ணும் சொல்லுல. நாலு நாளு..."

நான்கு நாளில்லை, மூன்றுதான் என்று நினைவு வந்தது. திருத்தவில்லை.

வீரணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நிர்மலா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். அவர் சொம்பை எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்தார்.

"எங்கிட்டச் சும்மாதான்னுல்ல சொன்னாக," என்றார் தனக்குள் பேசுவதுபோல.

நிர்மலா அழவில்லை. முந்தானையை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

மேல்துண்டை மடித்துக்கொண்டே அவர் கேட்டார், "அந்தப் பனியன், அக்குளுத் தையலு கெட்டியா இருக்குமா தாயி?"

அவளுக்குப் புரியவில்லை.

"எங்களுக்குக் குடுத்ததெல்லாம் அந்த எடத்துலதேன் கிழியும். துப்பாக்கியத் தூக்கித் தூக்கி. வேர்வையும் உப்பும் பட்டு அறுத்துப்புடும். ராவெல்லாம் எரியும்." அந்தப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தார். "அங்கிட்டும் போடப்போறது சின்னப் பயலுவதேன?"

"டபுள் தையல்தானுங்க," என்றாள்.

"சரி," என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முன்பக்கம் பறை முழங்கத் தொடங்கியது. சேலையைச் சரிசெய்துகொண்டு நிர்மலா ஓடினாள். கோடித்துணி போட்டார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மாதவனும் மற்றவர்களும் வரிசையாக நின்று கடைசியாக ஒரு சல்யூட் வைத்தார்கள். பங்காளிகள் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனபோது வீரணனும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்க இருங்க, நாங்க பாத்துக்கறமுங்க," என்று யாரோ சொன்னார்கள். அந்தக் குரலில் மரியாதையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

"அவரு புடிக்கட்டும்," என்றாள் நிர்மலா. அவ்வளவு சத்தமாக அவள் அன்று பேசியது அது ஒன்றுதான்.

பங்காளி ஒருவர் விலகிக்கொண்டார். இடது பக்கப் பின்மூங்கிலைத் தோளில் வாங்கிய வீரணன், மற்ற மூவரை விடக் குள்ளம். எட்டாமல் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து முட்டுக்கொடுத்தார். பொரியும் சில்லறையும் இறைபட, கூட்டம் நகர்ந்தது.

மூன்று ரோடு சேருமிடத்தில் பெண்கள் நின்றுவிட்டார்கள். வேலாத்தாள் அவள் கையைப் பற்றி, "திலும்பிப் பாக்காம வா கண்ணு," என்றாள். நிர்மலா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பாடை வீரணன் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, அப்படியே சாய்ந்தபடி, வளைவில் திரும்பிப் போனது.