அக்கம்மாள் முகத்தில் மை

மாமா வீட்டுக் குலசாமியின் முகத்தில் ஒரு புட்டி மையைக் கவிழ்த்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை; எம்.ஏ. வரலாறு படித்ததால் செய்தேன்.

சாமிக்குப் பெயர் அக்கம்மாள். குச்சனூர் தாண்டி, மாமாவின் வயல்மேட்டில் ஒரு கல். அதில் செதுக்கிய பெண்ணுருவம். பி.யூ.சி.யில் நான் வாங்கிய மார்க்குக்கு வரலாறு மட்டும்தான் கதவைத் திறந்தது. ராஜாக்களும் வேறு வேலை கிடைக்காமல்தான் போருக்குப் போயிருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டு மதுரையில் படித்து முடித்தேன். பிறகு போடியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நம்பர் எழுதும் உத்தியோகம். "புதுசா ஒரு கல்வெட்டு கொண்டுவாப்பா, ஆராய்ச்சிக்குச் சேத்துக்கிறேன். உதவித்தொகை உண்டு" என்றார் பேராசிரியர். உதவித்தொகை வந்தால் மாமா மகள் சுருளியம்மாளைப் பெண் கேட்கலாம். ஆகவே, கல்லில் எழுத்து இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கல்லைப் பார்க்கவே போனேன்.

தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்த எண்ணெயையும் மஞ்சளையும் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்தேன். எழுத்தைப் படியெடுக்க ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றும்போது கால் இடறி, புட்டி கவிழ்ந்தது. தாளில் விழுந்த கோடுகளோ, அறுப்புக்கு வந்தவர்கள் அரிவாள் தீட்டிய தடங்கள்.

மாமா செல்லப்பாண்டி கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே, எம்.ஏ.வுல இதத்தேன் சொல்லிக் குடுத்தாகளா?"

அடித்திருந்தால் தேவலை.

ஆனாலும் அம்மா விடவில்லை. தம்பி மகள், முறையை விடக்கூடாது என்று போய் நின்றாள். அந்த வீட்டுக் கல்யாணம் எதுவும் அக்கம்மாள் உத்தரவில்லாமல் நடக்காது. வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தார்கள். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார்; வெள்ளை என்றால் சம்மதம். மற்றதைப் பிரிக்கக்கூடாது, வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தது.

மை கொட்டியதாலா, வேலை இல்லாததாலா? மாமாவிடம் கேட்டேன். "சாமி சொல்லிருச்சுப்பா" என்றார். அத்தையிடம் கேட்டேன், சோறு போட்டாள். பூசாரி வானத்தைக் காட்டினார். ஒரு சாம்ராஜ்யம் விழுந்ததற்கு ஏழு காரணம் எழுதிப் பாஸானவன் நான். எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை.

சுருளி வாய்க்கால் கரையில் புல்லறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கம்மாளுக்கு எம்மேல கோவம் தீர என்ன செய்யணும் சுருளி? கெடா வெட்டவா?"

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"சாமிய விடுங்க மச்சான். பொட்டலம் கட்டுனது நாந்தேன்."

"சரி."

"ரெண்டுலயும் செவப்புத்தேன் வச்சேன்."

மை கொட்டியதற்காகவா என்று கேட்டேன். அதற்காகவே இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"இல்ல. ஒங்களக் கட்டிக்கிட எனக்கு இஷ்டமில்ல. மை கொட்டுறதுக்கு முந்தியும் இல்ல."

குனிந்து புல்லுக்கட்டைப் புரட்டினாள். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத கனம்.

"செத்த, தலையில தூக்கி விடுங்க."

தூக்கிவிட்டேன். ஈரப்புல் சரிந்து அவள் முகத்தை மூடியது.