கீழ் வீட்டுக்காரர்

சற்குணம் இளவயதில் மஸ்கட்டில் வைத்திருந்த கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேளச்சேரி வீட்டுக்கு வந்தது. லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு ஏறி, கால்மிதியில் டயர்களைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தது.

ஹாலில் அவருடைய மகள் ஷெர்லினைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எட்வினிடம் சற்குணம் அந்தக் காரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக் கலர் சார். படகு மாதிரி நீளம். ஏசி போட்டா ஸ்வெட்டர் தேடணும்."

வந்த கார் பழுப்பு நிறம். குட்டையானது. ஏசி கிடையாது.

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்றது.

திருநெல்வேலிப் பேச்சு. சற்குணம் சென்னைக்கு வந்ததும் விட்டுவிட்ட பேச்சு. மஸ்கட்டில் அவர் இருந்த அறையில் எட்டுப் பேர். வாய்விட்டுப் பேச அவருக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடலோரமாக ஓட்டுவார். மேனேஜரைத் திட்டுவார். பாடுவார். அப்பா இறந்த செய்தி வந்தபோது லீவு கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். கார் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு துணை அவருக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

"யாருங்க இது?" என்றாள் மனைவி லீலா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கீழ் வீட்டுக்காரர்," என்றார் சற்குணம்.

காரின் முன்விளக்குகள் ஒருமுறை சிமிட்டின.

"ஆமாம்மா. கீழதான் இருக்கேன்," என்றது. ஃப்ரிட்ஜ் பக்கம் போய் ஒதுங்கி நின்றது.

சற்குணம் எழுந்தார். ஒரு தட்டில் கேசரி எடுத்துக்கொண்டு அதனிடம் போனார். ஹால் நீண்டுகொண்டே போனது. இரண்டு ஜன்னல்களைத் தாண்டினார். பிறகு, அந்த வீட்டில் அவர் பார்த்தே இராத ஜன்னல்கள் வந்தன. பின்னாலிருந்து எட்வின் கத்திக் கேட்டார்.

"அந்த வெள்ளைக் காரை என்ன சார் பண்ணீங்க?"

"ஒரு ஷேக் ஆசைப்பட்டுக் கேட்டார்! கொடுத்துட்டேன்!" என்று இவரும் கத்தினார்.

ஃப்ரிட்ஜை அடைந்தபோது கேசரி ஆறிப்போயிருந்தது.

"தப்பா எடுத்துக்காதே," என்றார், குரலைத் தாழ்த்தி.

"பொண்ணு காரியம்லா. நீங்க பேசுங்க அண்ணாச்சி. அந்த வெள்ளைக் காரு நல்லாத்தான் இருக்கு."

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. தானே கொண்டுபோய் விடுவதாகக் கார் சொன்னது. ஹாலிலேயே எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். எட்வின் பக்கத்துக் கதவு மட்டும் மூடவில்லை. அதில் ஒரு நைலான் கயிறு தொங்கியது. சற்குணம் குனிந்தார். கயிற்றை ஜன்னல் வழியாக இழுத்து, கைப்பிடியில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். யோசிக்கவே இல்லை.

எட்வின் அவர் கையையே பார்த்தார். "ரொம்ப நாள் பழக்கமோ சார்?"

கார் காத்திருந்தது.

"சேச்சே," என்றார் சற்குணம். "அக்கம்பக்கத்துல ஒரு உதவிதானே."

"நன்றிங்க சார்," என்றது கார், சென்னைப் பேச்சில். பின்னோக்கி நகர்ந்து லிஃப்டுக்குள் போனது. லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது.

"நல்ல மனுஷரா இருக்காரே," என்றாள் லீலா. "கல்யாணத்துக்குக் கூப்பிடணும். அவர் பேர் என்னங்க?"

"தெரியலையே," என்றார் சற்குணம்.

அதற்கு ராசா என்று பெயர் வைத்தது அவர்தான்.