தார் ரோட்டோடு நிற்க வேண்டும்

கொடைக்கானலில் அப்போது ஓடிய ஜீப்புகள் பெரும்பாலும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தவை. 1959 சீசனில் அவற்றில் ஏழு, தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்காமல் புல்வெளியில் இறங்கின. பாறை விளிம்புவரை போய், வந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டித் திரும்பின. முதன்முதலில் அப்படி இறக்கி ஓட்டியவர் சாகுல் ஹமீது.

புல்வெளிக்குக் கீழே, வில்பட்டிச் சரிவில், அன்னக்கொடி பூண்டு போட்டிருந்தாள். கணவன் குழந்தைவேல் பழனியில் பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை வருவான். தோட்டம் முழுக்க அவள் பாடு. தண்ணீர் மேலேயிருந்த ஊற்றிலிருந்து வந்தது. மழை பெய்தால் டயர் பதிந்த இடமெல்லாம் மண் கரைந்து ஊற்றை மூடியது; மிச்சம் வாய்க்கால் வழியே பாத்திக்குள் இறங்கியது. மூன்று தடவை அள்ளிக் கொட்டினாள். நாலாம் தடவை மண்வெட்டியைப் போட்டுவிட்டு டவுன் கமிட்டி ஆபீசுக்கு நடந்தாள்.

ஆறு முறை நடந்தாள். ஆறாம் முறை கமிட்டித் தலைவரே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் பார்த்தார். பத்து நாளில் ஆர்டர் வந்தது. எந்த வண்டியும் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. ரோடு முடிகிற இடத்தில் இரண்டு கல் நட்டுச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். காவலுக்கு ஆள் போட அனுமதி வரவில்லை. ஓவர்சியர் பரமானந்தம் சாவியை அன்னக்கொடியிடம் கொடுத்தார்.

"பக்கத்துலதான இருக்க. மராமத்து வண்டி வந்தா மட்டும் தொறந்து விடு."

மறுநாளே சாகுல் ஹமீது தோட்டத்துக்கு வந்தார்.

"ஏக்கா, சீசன் ரெண்டு மாசம். அதுலதான் எங்க வருசமே ஓடுது. இப்படிக் கழுத்துல சங்கிலி போட்டீங்களே."

"ஒங்க பொழப்பக் கெடுக்கணும்னு போகல பாய். அந்தா பாருங்க, பாத்தி பூரா செம்மண்ணு மூடிக் கெடக்கு. நான் வேற எங்க போயித் தண்ணி எடுப்பேன்?"

அவர் பாத்தியைப் பார்த்தார். திரும்பி மேட்டில் ஏறிப் போனார். அதன்பிறகு சந்தையில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்னக்கொடிக்கு அது சுருக்கென்றிருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் ஹாரன் கேட்டது. மேலே போனால், சங்கிலி முன்னால் சாகுல் ஹமீதின் ஜீப். உள்ளே மதுரையிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் குடும்பம். முன் சீட்டில் பரமானந்தம்.

"வெரசா தொற, அன்னக்கொடி. ஐயா வீட்டு ஆளுங்க."

"மராமத்து வண்டிங்களாய்யா?"

"என்ன கேள்வி இது? சாவி குடுத்தவனே நான்தான்."

"நீங்க குடுத்ததுதாங்க. ஆனா ஆர்டரு கமிட்டி போட்டது. அது வேண்டாம்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும், இப்பவே தொறக்கிறேன்."

அவள் சாவியை மடியில் இறுக்கி முடிந்துகொண்டு சங்கிலிக்குப் பின்னால் போய் நின்றாள். பரமானந்தத்தின் முகம் கறுத்தது. டிரைவரிடம் திரும்பினார்.

"பாய், கல்லச் சுத்தி எறக்குங்க. நான் பாத்துக்கிடுறேன்."

சாகுல் ஹமீது இஞ்சினை அணைத்தார்.

"மூணு வாரமா எங்க ஏழு வண்டிக்கும் கூடாதுன்னீங்க. இப்ப மட்டும் எறங்கலாமாங்க? எறக்க மாட்டேன்."

பின் சீட்டிலிருந்த அம்மாள்தான் முதலில் இறங்கினார். "அரை மைல்தானே, நடக்கலாம் வாங்க" என்று சங்கிலியைத் தாண்டி நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அடுத்த வாரம் அன்னக்கொடியையும் சாகுல் ஹமீதையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அன்னக்கொடி மரியாதையில்லாமல் பேசினாள் என்று பரமானந்தம் புகார் எழுதியிருந்தார். தலைவர் சாகுல் ஹமீதைக் கேட்டார்.

"அந்தம்மா ஆர்டரப் படிச்ச மாதிரிதாங்க பேசுச்சு. மரியாதக் கொறவா ஒரு சொல் வரல" என்றார் அவர். "எனக்கு இந்த ஆர்டர் புடிக்கலங்க. ஆனா போட்டா எல்லாத்துக்கும் போடுங்க."

தலைவர் பரமானந்தத்தை ஒரு பார்வை பார்த்தார். சாவி இனி ஆபீசில் இருக்கட்டும், சங்கிலி இருக்கிறபடி இருக்கும் என்றார். அன்னக்கொடி சாவியை மேசையில் வைத்தாள். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிய பிறகே வெளியே வந்தாள்.

வாசலில் சாகுல் ஹமீது நின்றிருந்தார். "ஒங்க ஊருல இந்தத் தடவ உருளைக்கிழங்கு எம்புட்டு மூட்டை வரும்க்கா? வத்தலகுண்டுக்கு என் ஜீப்புல ஏத்துறதுன்னா சொல்லுங்க" என்றார்.

"கேட்டுச் சொல்றேன் பாய். நாளைக்கு வெள்ளனே வாங்க, ஆளுங்க எல்லாம் இருப்பாங்க."

ஏழு ஜீப்பில் இரண்டை அந்த வருஷமே விற்றுவிட்டார்கள். மற்றவை தார் ரோட்டின் முடிவில் நின்றன. வந்தவர்கள் நடந்து போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். ஐப்பசி மழையில் ஊற்று இன்னும் கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்தது. ஆனால் பாத்தியை மூடவில்லை. அன்னக்கொடி அந்தப் பூண்டு நடவுக்கு இரண்டு பாத்தி கூடுதலாக வெட்டினாள்.