நஸீபா அமுக்கிய அப்டேட்

கணவர் அஷ்ஃபாக் மவுத்தாகி ஏழு மாதம் ஆன பிறகும் அவருடைய லேப்டாப்பை நஸீபா தினமும் திறந்துகொண்டிருந்தாள். கோட்டாறில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி லினக்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த பாடங்கள் நாற்பதுக்கு மேல் அதில் இருந்தன. பாடம் ஒன்றும் அவளுக்கு விளங்காது. அசர் தொழுதுவிட்டு, மகள் முப்ஷிரா கல்லூரியிலிருந்து வருவதற்குள் ஒன்றைக் கேட்பாள். பாடத்தின் நடுவில் அவர் இருமுவார். ஃபேனைக் குறைக்கச் சொல்லி அவளைக் கூப்பிடுவார். அதையெல்லாம் அவர் வெட்டி நீக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்று அமுக்கினாள். லேப்டாப் அணைந்து தானாக எழும்பியது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு கட்டம் வந்து, இதுவரை கேட்காத ஏதோ கடவுச்சொல்லைக் கேட்டது. தினமும் அடிக்கிற எண்ணை அடித்தாள். தவறு என்றது.

மறுநாள் வடசேரியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அஸ்வதியின் கடைக்குக் கொண்டுபோனாள். அஸ்வதி அஷ்ஃபாக்கிடம் படித்தவள். டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கிறது, சாவி உள்ளே ஒரு சிப்பில் இருக்கிறது, அப்டேட்டில் ஃபர்ம்வேர் மாறியதால் சிப் சாவியைத் தர மறுக்கிறது என்று சொன்னாள். இனி டிஸ்க்கைப் பூட்டிய அன்று அவர் வைத்த கடவுச்சொல் வேண்டும். பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாள். ஏறியது, சிப் மட்டும் இளகவில்லை. நஸீபா மகள் பெயரைச் சொன்னாள், நிக்காஹ் தேதியைச் சொன்னாள், தேங்காப்பட்டணத்துத் தாய்வீட்டின் பெயரைச் சொன்னாள். எதுவும் திறக்கவில்லை. வேறு நகல் உண்டா என்று அஸ்வதி கேட்டாள். வகுப்பைத் தவறவிட்டவர்கள் பிறகு சென்டருக்கு வந்துதான் பாடங்களைக் கேட்பார்கள்; சென்டரை மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் அழித்து விற்றாயிற்று.

"அக்கா, இது உங்க தப்பு இல்ல. சார் இருந்தாலும் இதத்தான் அமுக்கியிருப்பாரு."

"அவரு அமுக்கியிருந்தா, அந்தச் சொல்லு அவருக்குத் தெரிஞ்சிருக்குமே மக்கா," என்றாள் நஸீபா.

முப்ஷிராவுக்கு அடுத்த வாரம் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். வீட்டில் வேறு லேப்டாப் இல்லை. அஸ்வதி பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தாள். புதிது ஒன்றை மாட்டி, லினக்ஸை முதலிலிருந்து ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் முப்ஷிரா லேப்டாப்பைத் திறந்துவிட்டு, வாப்பாவின் பாடங்கள் எங்கே என்று கேட்டாள். நஸீபா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தினமும் கேட்டுவந்ததையும் அப்போதுதான் சொன்னாள்.

முப்ஷிரா லேப்டாப்பை மூடிவைத்தாள்.

"நான் ஒண்ணுகூட கேட்டதில்ல உம்மா. தைரியம் வந்த பொறவு கேக்கலாம்னு வச்சிருந்தேன்."

நஸீபா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அழுதாள்.