பேசணும்னா செருப்பைப் போடு

முகப்பேரில் என் ஃபிளாட்டில் ஞாயிறு மதியம் நாங்கள் நான்கு பேர் கதை விளையாடுவோம். கதையை நடத்துபவள் நான், வர்ஷா. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் இருபது முகப் பகடையின் கையில். என் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று: கூடத்துக்குள் பாத்திரம்தான் பேச வேண்டும். சொந்தச் சண்டை ஏதாவது இருந்தால் வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று பேச வேண்டும்.

அன்று நிர்மலின் போர்வீரன் சுதாவின் வில்லாளி செங்கொடியைப் பாடாய்ப் படுத்தினான். அவள் அம்புகளைத் திருடினான். அவள் வாயைத் திறந்தாலே அடக்கினான். ராட்சசன் துரத்தியபோது அவளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டான்.

"இன்னா நைனா, ராட்சசன வுட்டுட்டு நம்ம ஆளையே போட்டுத் தள்றே?" என்றான் ஆவடி கோகுல்நாத்.

"என் கேரக்டர் அப்படி. நான் என்ன பண்றது?" என்றான் நிர்மல்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேரக்டராவது கத்தரிக்காயாவது! எங்கள் ஆபீசில் அவன்தான் சுதாவுக்கு டீம் லீட். போன வாரம் அவள் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். மீட்டிங்கில் வாயே திறக்காத சுதா சத்தமாகப் பேசிச் சிரிக்கும் ஒரே இடம் இந்தக் கூடம். இப்போது அவள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். இன்று போனால் இனி வரமாட்டாள்.

பகடையைப் பிடுங்கிக்கொண்டேன். "நிர்மல், போய்ச் செருப்பைப் போடு."

"விளையாட்டுதானே வர்ஷா..."

"போடு."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். நான் வாயெடுப்பதற்குள் சுதாவும் எழுந்து போய்த் தன் செருப்பில் காலை நுழைத்தாள்.

"ஆமா, மாற்றல் கேட்டேன். பயத்துலதான் உங்ககிட்ட சொல்லல. கோபம்னா நாளைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேளுங்க, பதில் சொல்றேன். இங்க என் அம்பைத் தொடாதீங்க."

பேசும்போது பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள். ஆனாலும் கடைசிச் சொல் வரை சொன்னாள். எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

நிர்மல் தரையைப் பார்த்தான். "எனக்கு மெயில்லதான் தெரிஞ்சுது. அசிங்கமாப் போச்சு. அதுக்காக இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. சாரி சுதா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அம்புத் திருட்டு நடக்கவே இல்லை என்று அறிவித்து, அந்தக் காட்சியை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பகடை நிர்மலைக் கைவிட்டது. பாலம் முறிந்து, போர்வீரன் ஒற்றைக் கையில் தொங்கினான். கீழே ராட்சசன் வாயைப் பிளந்து நின்றான்.

"வுட்டுடு சுதா! இத்த வுட்டா வேற சான்ஸே கெடைக்காது!" என்று குதித்தான் கோகுல்நாத்.

"சண்டை சுதாவோடது. அது வாசல்லயே முடிஞ்சிபோச்சு. செங்கொடிக்கு இவன்மேல என்ன கோபம்?" என்றாள் சுதா.

அவன் பிடித்து ஏறக் கயிறு கட்டிய அம்பை விட்டுப் பகடையை உருட்டினாள். இருபது! அதற்குமேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது. கோகுல்நாத் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட்டுக் கதவு திறந்தது.

மேலே ஏறி வந்த போர்வீரன் மண்டியிட்டான். "உத்தரவு, தலைவி."

சுதா பையைத் தோளிலிருந்து கழற்றிச் சோபாவில் வீசினாள். ஆபீசில் அவனை 'நீங்க' என்று மட்டுமே அழைத்துப் பழகியவள், கூடம் அதிரச் சொன்னாள்:

"என் பின்னாடி வாடா!"