சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன சுபாவம் என்பதைப் பிறந்த அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள். நான் பிறந்ததும் அழவில்லையாம். மருத்துவச்சி முதுகில் தட்டியபோதும் "இப்போ என்ன?" என்பதுபோல் பார்த்தேனாம். குளிர்ச்சி உடம்பு என்று சொல்லிவிட்டாள் அம்மா. அடுத்து வந்த தம்பி கியூமர்ஸ் முழுசாக வெளியே வருவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டான். அவன் சூட்டு உடம்பு. அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

எங்கள் ஷீராஸ் நகரத்தில் கோபக்காரனைப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபப்படவும் சோம்பல். அதனால் அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். சூடு தணிய அவனுக்குத் தயிரும் வெள்ளரிக்காயும். என் குளிர்ச்சி போக எனக்கு அக்ரூட் அரைத்துவிட்ட கோழிக் குழம்பு. அந்தக் குழம்பு ஒன்றுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த லாபம்.

கெட்ட செய்தி எதுவும் கியூமர்ஸ் காதுக்குப் போகக்கூடாது, அவன் நெஞ்சு வெடித்துவிடும் என்பது வீட்டுச் சட்டம். எல்லாம் என்னிடம் வரும். சித்திக்குக் கட்டியா, மாமா மகனுக்கு விவாகரத்தா, "ஃபரங்கிஸ்கிட்ட சொல்லு, அவ தாங்குவா." பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் தங்கள் கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மனசு லேசாகி, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள்.

அப்பா இறந்த செய்தியைக் கியூமர்ஸுக்கு நான்தான் தவணை முறையில் சொன்னேன். முதலில் ஜலதோஷம், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கொஞ்சம் மோசம். விஷயம் தெரிந்ததும் சட்டையைக் கிழித்துக்கொண்டான், கண்ணாடிக் கதவை உடைத்தான், நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. அப்புறம் துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகக் கிண்டிய அல்வாவை ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி, காலையில் மாப்பிள்ளைபோல் எழுந்துவந்தான். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தது, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தது எல்லாம் நான். "இவளுக்கு எதுவுமே ஒட்டாது, குடுத்து வெச்சவ" என்றாள் சித்தி. எனக்கு அவளைக் கடிக்கவேண்டும்போல் இருந்தது. கடிக்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திவைத்தேன்.

சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் எனக்கு நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைகிறார்கள். வாயு என்று எல்லாரும் கற்கண்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். போன வாரம் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இதயத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் கியூமர்ஸ்தான் காரில் கூட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காவலாளியோடு சண்டை. சிவந்த முகத்தோடு அவன் உள்ளே நுழைந்ததும், நர்ஸ் ஒரு வார்த்தை கேட்காமல் அவனை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். "இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கே" என்றாள் ஏமாற்றத்தோடு.

"நான் நோயாளி இல்லம்மா. அவங்கதான்."

எனக்குப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வேறு கருவி கொண்டுவந்தாள்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. "கூட வந்தவர் உள்ள வாங்க. நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் டாக்டர்கள் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் கூட வந்தவர் நான்தான். வெளியே உட்காருவது இதுதான் முதல் தடவை. அந்த நாற்காலி உண்மையிலேயே வசதியாக இருந்தது.

கியூமர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தான். "ஒண்ணுமில்லக்கா. வெறும் வாயு."

"என்னடா சொன்னார்?"

"அதான் சொல்றேனே. காத்து."

திரும்பும் வழியில் ஒரு டாக்ஸி பின்னால் வந்து எங்கள் காரை இடித்தது. விளக்கு நொறுங்கியது. டாக்ஸிக்காரர் கைகளை முகத்துக்கு நேரே தூக்கியபடியே இறங்கினார். பாவம், கியூமர்ஸின் கழுத்து நரம்பைப் பார்த்தாலே அவன் கோபக்காரன் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

"பரவால்லண்ணே" என்றான் கியூமர்ஸ், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "இடிக்காத வண்டி எது? நீங்க போய்ட்டு வாங்க."

டாக்ஸிக்காரர் நம்பாமல் அங்கேயே நின்றார். இவன் திட்டாமல் விட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் எனக்கு வந்திருப்பது பெரிய விஷயம்.

"உண்மையச் சொல்லுடா."

"ஃபலூதா சாப்பிடுறியா? வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கடைக்குப் போகவில்லை. மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். தோள் குலுங்கியது. வயிற்றுக்குள் ஒரு மணிநேரம் செய்தியை அடக்கிவைத்துப் பழக்கமில்லாதவன், யாரிடமாவது கொட்டியாக வேண்டும். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

என் கைப்பையில் மணி அடித்தது.

எடுத்தேன்.

"அக்கா" என்றான் அழுதுகொண்டே. "பெரிய விஷயம், நீ பதறாத. இதயத்துக்குப் போற குழாயெல்லாம் அடைச்சிருக்காம். நெஞ்சத் திறக்கணுமாம், நாளைக்கே சேக்கணுமாம். பொழைக்கிறது பாதிக்குப் பாதியாம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலக்கா. இத நான் எப்படி ஃபரங்கிஸ்கிட்ட..."

அங்கே நின்றது பேச்சு. மெல்லத் திரும்பி, கார்க் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்பது வாய் வரைக்கும் வந்தது. எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தால், வேறொரு சத்தம் வந்தது. அது என் தொண்டையிலிருந்துதான் வருகிறதா என்று எனக்கே சந்தேகம். டாக்ஸிக்காரர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபலூதாக் கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது, சாகப் பயமாக இருந்தது, அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கியூமர்ஸ் ஓடிவந்து என் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். ஆறுதல் சொல்ல அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

"கத்துக்கா. நல்லா கத்து. நான் பிடிச்சுக்கறேன்."