பகல் தூக்கம்

அவர் நெடுந்தூர லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்காகும். வந்துவிட்டால் சில நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பார். மகள் அவர் தோளை விட்டு இறங்கமாட்டாள்.

"பாப்பா வளர்றதே உங்களுக்குத் தெரியல. உள்ளூர் ஓட்டத்துக்கு மாறிடுங்களேன்," என்றாள் மனைவி.

டிப்போவில் உள்ளூர் ஓட்டத்தில் இருந்தவன், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் நண்பன்.

"உனக்கென்னடா, தினமும் வீட்டுக்குப் போற," என்றார் இவர்.

"போய் என்ன? கதவத் தொறந்தா யாரு இருக்கா?" என்றான் நெட்டை. அவன் மனைவி பிரிந்துபோயிருந்தாள். "வேணும்னா மாத்திக்கலாம். நான் ரோட்டுலயே கெடக்குறேன்."

மாற்றிக்கொண்டார்கள்.

புது வேலை விடியுமுன் தொடங்கியது. கடை கடையாகப் பால் பெட்டிகளை இறக்கிவிட்டு மதியம் வீடு திரும்பும்போது கண் சொக்கும். இருப்பதோ ஒரே அறை. பள்ளி விட்டு வரும் மகள் செருப்பை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நுழைவாள். வீட்டுப் பாடத்தைச் சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவாள். தோழிகள் வந்தால், "அப்பா தூங்குறாரு," என்று கிசுகிசுத்து அனுப்பிவிடுவாள். கொஞ்ச நாளில் அவர்கள் வருவது நின்றுபோனது.

ஒருநாள் பேச்சுப் போட்டிக்காக அவள் குரல் எடுத்துப் பழகினாள். அரைத் தூக்கத்தில் இவர் கத்தினார்: "வாய மூட மாட்டியா?"

மறுநாள் போட்டியிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்ப்பா," என்றாள்.

அன்று மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "முன்னல்லாம் நீங்க வந்தா வீடு கலகலன்னு இருக்கும். இப்ப தினமும் வர்றீங்க. எங்களால மூச்சு விட முடியல."

அவளைக் குறை சொல்ல இவருக்கு மனம் வரவில்லை.

மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். "ஷிப்ட் என்ன சட்டையா, நெனச்சப்ப மாத்த? நெட்டை ஒத்துக்கிட்டா பாக்கலாம்," என்றார் அவர்.

நெட்டையைப் போனில் பிடித்துக் கேட்டார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கெஞ்சியது. "வேணான்டா. அந்த வீட்டுக்கு மட்டும் என்னையத் திரும்ப அனுப்பாத."

"சரிடா, நீ பாத்து ஓட்டு," என்று போனை வைத்தார்.

அடுத்த நாள் பள்ளி விடுமுறை. வண்டியை டிப்போவில் நிறுத்தியதும் வீட்டுக்குக் கூப்பிட்டார். "லோடு எறக்க நேரமாகும்போல. வர சாயங்காலம் ஆயிடும்."

"அப்படியா? சரி, பதறாம மெதுவா வாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் எத்தனையோ நாளைக்குப் பிறகு லேசாகியிருந்தது. வைப்பதற்குள் மகளின் குரல் உரக்கக் கேட்டது: "அம்மா, ஃப்ரெண்ட்ஸ வரச் சொல்லட்டுமா?"

போனை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியில் துண்டைக் கட்டி வெயிலை மறைத்தார். இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் காலை மடக்கிப் படுத்தார். தகரம் கொதித்தது. கண் எரிந்ததே தவிர தூக்கம் வரவில்லை. நாளைக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிடந்தார்.